ஒரே ஒரு முட்டை

மார்கழி மாதம். நடு இரவு. கேரளத்தில் பெரியாற்றின் கரையில் ஒரு காடு. தட்டேக்காடு என்று அதற்குப் பெயர். 1983-ஆம் ஆண்டு அரசு அதைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. காட்டை ஒட்டி வீடுகள் உண்டு. தோட்டங்களும் உண்டு.

எல்லாரும் தூங்கும் நேரம். காட்டுக்குள் இருந்து ஒரு குரல் வருகிறது. “ஹூ…” கொஞ்சம் அமைதி. மறுபடியும் “ஹூ…”. அடிவயிற்றில் இருந்து வருவது போன்ற கனத்த குரல். நெடுந்தூரம் கேட்கும். சில இரவுகளில் இதே பறவை அலறவும் செய்யும். யாரோ ஒரு பெண் ஓலமிடுவது போல அந்த அலறல் ஏறும். பிறகு இறங்கி அடங்கும்.

கேட்டவர்களுக்கு உடல் சிலிர்க்கும். கதவைச் சரியாகச் சாத்தினோமா என்று எழுந்து பார்ப்பார்கள். “எந்த வீட்டில் சாவோ?” என்று முணுமுணுப்பார்கள்.

சாவும் இல்லை. பேயும் இல்லை. அது ஒரு பறவை. தன் துணையைக் கூப்பிடுகிறது. ‘இது என் இடம், இங்கே வராதே’ என்று மற்ற ஆந்தைகளுக்குச் சொல்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் பறவையின் பெயர் காட்டுக் கொம்பன் ஆந்தை. நம் நாட்டின் பெரிய ஆந்தைகளில் இதுவும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இது வாழ்கிறது. கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் உண்டு. வடக்கே இமயமலை அடிவாரக் காடுகளிலும், அசாம், அருணாசலப் பிரதேசக் காடுகளிலும் உண்டு. நேபாளம், பர்மா, இலங்கை ஆகிய நாடுகளிலும் இருக்கிறது. காட்மாண்டுவில் வேலை பார்த்த ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேயர் 1836-இல் இதைப் பற்றி முதலில் எழுதினார். அதனால் இதன் அறிவியல் பெயரில் நேபாளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது.

கொம்பு இல்லாத கொம்பன்

இந்த ஆந்தை ஏறக்குறைய இரண்டடி உயரம் இருக்கும். எடை ஒன்றரைக் கிலோ அளவு. ஒரு நாட்டுக்கோழியின் எடைதான். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் அதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். உடல் முழுவதும் அவ்வளவு இறகு.

முதுகு கரும்பழுப்பு நிறம். வயிறு வெளுப்பு. அந்த வெளுத்த வயிற்றில் கருப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் அவை வட்டப் புள்ளிகள் அல்ல. அம்பு முனை போன்ற வடிவம். அலகு மஞ்சள் நிறம். கால்களிலும் இறகு உண்டு. விரல்கள் வரைக்கும் காலுறை போட்டது போல இருக்கும்.

தலையில் இரண்டு கொம்புகள். விரல் நீளம் இருக்கும். மற்றக் கொம்பன் ஆந்தைகளுக்குக் கொம்பு நிமிர்ந்து நிற்கும். இதற்குப் பக்கவாட்டில் சாய்ந்து நீட்டிக்கொண்டு இருக்கும். உண்மையில் அவை கொம்பு அல்ல. காதும் அல்ல. வெறும் இறகுக் கொத்து. அசல் காது தலையின் பக்கத்தில், இறகுக்கு அடியில் மறைந்திருக்கிறது. வெளியே தெரியாது.

கண்ணைப் பார்த்தும் இதை அடையாளம் காணலாம். பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தைக்கு ஆரஞ்சு நிறக் கண். நெருப்புத் துண்டு போல இருக்கும். இந்தக் காட்டு ஆந்தைக்கோ கரும்பழுப்பு நிறக் கண். நம் கண்ணைப் போல. அதனால் இதன் முகத்தில் ஒரு சாந்தம் தெரிகிறது. குணம் அப்படி இல்லை. கூட்டின் பக்கம் யாராவது போனால் பாய்ந்து தாக்கும்.

ஆந்தையால் கண்ணை உருட்ட முடியாது. கண் குழிக்குள் அசையாமல் பொருந்தி இருக்கிறது. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் தலையைத்தான் திருப்ப வேண்டும். அதற்காகவே அதன் கழுத்தில் எலும்புகள் அதிகம். மனிதனுக்குக் கழுத்தில் 7 எலும்புகள். ஆந்தைக்கு 14. எனவே தலையை முக்கால் வட்டம் வரை திருப்பும். முதுகுப் பக்கம் முகம் இருப்பதைப் பார்த்து மிரண்டவர்கள் உண்டு. அதில் மந்திரம் எதுவும் இல்லை. எலும்புக் கணக்குதான்.

பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது என்பார்கள். அதுவும் சரியல்ல. பகலில் நன்றாகவே தெரியும். பகலில் வெளியே வந்தால் காக்கைகளும் மற்றச் சிறு பறவைகளும் கூட்டமாகச் சூழ்ந்து விரட்டும். அந்தத் தொந்தரவுக்காகவும் அது அடர்ந்த இலைகளுக்குள் ஒதுங்கி இருக்கிறது. மனித நடமாட்டம் இல்லாத காட்டில் இந்த ஆந்தை சில நேரம் பகலிலும் பறப்பது உண்டு.

சத்தம் இல்லாத வேட்டை

பொழுது சாய்ந்ததும் வேட்டை தொடங்குகிறது.

புறா எழும்பிப் பறந்தால் படபடவென்று சத்தம் கேட்கும். ஆந்தை பறந்தால் கேட்காது. அதன் சிறகின் முன் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற மெல்லிய நீட்டங்கள் உள்ளன. பின் ஓரத்தில் குஞ்சம் போன்ற நூல்கள். இறகின் மேல் வெல்வெட்டுத் துணி போன்ற மென்மை. இவை எல்லாம் சேர்ந்து காற்றின் சத்தத்தை அடக்குகின்றன. இரைக்கு அது வருவது தெரியாது. ஆனால் இரை அசையும் சத்தம் ஆந்தைக்குத் தெரியும். அதன் தட்டையான முகம், சத்தத்தை வாங்கிக் காதுக்குத் தள்ளும் முறம் போல வேலை செய்கிறது.

இதன் உணவுப் பட்டியல் பெரியது. காட்டுக்கோழி, கௌதாரி, மயில் முதலிய பறவைகளைத் தின்னும். இந்தப் பறவைகள் இரவில் மரக்கிளையில் அடையும். அடைந்த இடத்திலேயே ஆந்தை அவற்றைத் தூக்கிவிடும். வளர்ந்த மயில் 4 கிலோவுக்கு மேல் இருக்கும். தன்னைவிட எடை கூடிய பறவையோடு மோத இந்த ஆந்தை தயங்குவதில்லை. முயல், அணில், எலி, உடும்பு, பாம்பு, மீன் எல்லாம் இதற்கு இரை. கேளையாட்டின் சிறு குட்டியைப் பிடித்ததும் பதிவாகி இருக்கிறது. செத்த விலங்கின் இறைச்சி கிடைத்தால் அதையும் விடாது.

இவ்வளவுக்கும் துணை அதன் கால்கள். தடித்த விரல்கள். வளைந்த நகங்கள். வெளிப்பக்க விரல் ஒன்றை முன்னாலும் பின்னாலும் திருப்பிக்கொள்ளும். இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே என்று இடுக்கி போலப் பிடிக்கும். பிடித்தது தப்பாது.

சிறிய இரையை அப்படியே விழுங்கும். பெரியதைக் கிழித்துத் தின்னும். எலும்பும் மயிரும் செரிக்காது. சில மணி நேரம் கழித்து அவை வயிற்றில் உருண்டையாகத் திரண்டு வாய் வழியாக வெளியே வரும். ஆந்தை அடையும் மரத்தின் கீழ் இந்த உருண்டைகள் கிடக்கும். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அவை பொக்கிஷம். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் சிறு மண்டை ஓடுகள், பற்கள், பல்லியின் தாடை என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கும். ஆந்தை என்ன தின்றது என்பதை அதைப் பிடிக்காமலே, கொல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

ஆந்தை உழவரின் நண்பன் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஊரில் வாழும் கூகைக்கும் புள்ளி ஆந்தைக்கும் அது பொருந்தும். அவை வயல் எலிகளைத் தின்று தீர்க்கின்றன. இந்தக் காட்டு ஆந்தை வயலுக்கு வருவது அரிது. காட்டோரத்து வீட்டில் கோழியைத் திறந்த மரத்தில் அடையவிட்டால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாலும் போகும். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கோழியைக் கூட்டில் அடைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஒரு முட்டையின் கணக்கு

நாட்டுக்கோழி ஓர் அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். கூகை 4 முதல் 7 வரை இடும். புள்ளி ஆந்தை மூன்று நான்கு இடும். காட்டுக் கொம்பன் ஆந்தை இடுவது ஒரே ஒரு முட்டை.

டிசம்பர் முதல் மார்ச் வரை தெற்கில் இது முட்டையிடும் காலம். இமயமலைப் பகுதியில் குளிர் கடுமை. அங்கே கொஞ்சம் தள்ளிப் போகும். முட்டை வெள்ளையாக இருக்கும். உருண்டை வடிவம். கோழி முட்டையைவிடப் பெரிது.

இது சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவது இல்லை. பெரிய மரத்தின் பொந்தைத் தேடும். பொந்து கிடைக்காவிட்டால் கழுகோ பருந்தோ கட்டிவிட்டுப் போன பழைய கூட்டில் இடும். அதுவும் இல்லை என்றால் பாறை இடுக்கு அல்லது குகை.

முட்டையில் இருந்து வரும் குஞ்சு வெள்ளைப் பஞ்சு போல இருக்கும். வளர வளர உடம்பில் கருப்புக் கோடுகள் தெரியும். தாயைப் போலவே இருக்காது. வேறு ஏதோ பறவை என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பழுப்பு நிறம் முழுதாக வர நாளாகும். அதுவரை ஒரே குஞ்சுக்குத் தாயும் தந்தையும் காவல்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு முட்டை என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுகளில் அதிகம் போனால் பத்து முட்டை. அதில் சில பொரிக்காது. சில குஞ்சுகளைக் கீரியோ மரநாயோ தின்னும். சில பட்டினியில் சாகும். மீதி எத்தனை? அந்த ஜோடியின் இடத்தை நிரப்ப இரண்டு குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தாலே பெரிது.

இந்த நிலையில் ஒருவர் ஒரு பெரிய ஆந்தையைக் கொல்கிறார் என்று வையுங்கள். கோழி ஒன்று செத்தால் அடுத்த அடையில் ஈடு கட்டிவிடும். இந்த ஆந்தை செத்தால் அந்தக் காட்டில் அந்த இடம் பல ஆண்டுகள் காலியாகக் கிடக்கலாம். முட்டைப் பருவத்தில் கொன்றால் அந்த ஆண்டின் குஞ்சும் சேர்ந்து போயிற்று.

பொந்துள்ள மரம்

இரண்டடி உயரப் பறவை நுழையும் பொந்து சின்ன மரத்தில் இருக்காது. கிளை ஒன்று முறிய வேண்டும். முறிந்த இடத்தில் மழைநீர் இறங்க வேண்டும். பூஞ்சை பிடித்து, கறையான் அரித்து, உள்ளே மெல்ல மெல்லக் குழி விழ வேண்டும். இதற்குப் பல பத்து ஆண்டுகள் ஆகும். அதாவது மரமும் கிழமாக இருக்க வேண்டும்.

விறகு வெட்டுபவர் கண்ணில் முதலில் படுவதும் அந்த மரம்தான். “உளுத்த மரம், எதற்கு ஆகும்?” என்று வெட்டிவிடுவார்கள். ஆளைக் குறை சொல்ல முடியாது. அடுப்பு எரிய வேண்டுமே.

ஆனால் பெரிய அழிவு விறகால் வந்தது அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெள்ளைக்காரர் காலத்தில் காபிக்கும் தேயிலைக்கும் காட்டை மலை மலையாக வழித்தார்கள். கேரளத்து நிலம்பூரில் 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்டார்கள். தேக்குத் தோட்டமும் தூரத்தில் இருந்து பார்த்தால் காடு போலத்தான் இருக்கும். ஆனால் விற்பதற்காக வளர்க்கும் மரத்தைக் கிழடாக விடமாட்டார்கள். பொந்து விழுவதற்குள் வெட்டிவிடுவார்கள். அந்த மாதிரிக் காட்டில் ஆந்தைக்கு வீடு இல்லை.

தீபாவளி அமாவாசை

ஆந்தையைப் பற்றி நம் நாட்டில் உள்ள நம்பிக்கைகள் ஒன்றோடு ஒன்று சேராது. தமிழ்நாட்டில் ஆந்தை அலறினால் சாவு என்பார்கள். சாக்குருவி என்று பெயரும் வைத்தார்கள். கேரளத்தில் வேறோர் ஆந்தையின் கூவலைக் ‘காலன் கோழி’ என்பார்கள். எமனின் கோழி என்று பொருள். இலங்கைச் சிங்கள மக்கள் ‘உலமா’ என்ற பேய்ப் பறவையைப் பற்றிச் சொல்வார்கள். கணவன் குழந்தையைக் கொன்றுவிட, தாய் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பறவையாக மாறினாள் என்று கதை. அந்த உலமா இந்தக் காட்டுக் கொம்பன் ஆந்தைதான் என்று பறவை ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

வடக்கே போனால் முட்டாளை ‘உல்லு’ என்று திட்டுவார்கள். உல்லு என்றால் ஆந்தை. வங்காளத்துக்குப் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே கூகை வீட்டுக்கு வந்தால் லட்சுமியே வந்தாள் என்று மகிழ்வார்கள். ஆந்தை லட்சுமியின் வாகனம்.

ஒரே பறவை. ஓர் ஊரில் எமன். ஓர் ஊரில் முட்டாள். ஓர் ஊரில் செல்வம். பறவைக்கு இது எதுவும் தெரியாது. அது தன் பாட்டுக்கு எலியைத் தேடிக்கொண்டு இருக்கிறது.

நம்பிக்கை மனத்தோடு நின்றால் பரவாயில்லை. நிற்பதில்லை. தீபாவளி அமாவாசை இரவில் ஆந்தையைப் பலி கொடுத்தால் லட்சுமி வீட்டை விட்டுப் போகமாட்டாள் என்று வட மாநிலங்களில் சிலர் நம்புகிறார்கள். மாந்திரீகம் செய்கிறவர்கள் ஆந்தையின் எலும்பு, நகம், மண்டை ஓடு, இறகு, ரத்தம் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். லட்சுமியின் வாகனத்தை வெட்டினால் லட்சுமி எப்படி வருவாள் என்று அவர்களிடம் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. டிராஃபிக் என்று பெயர். அது 2010-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் உள்ள சுமார் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் கள்ளச் சந்தையில் விற்கப்படுவதாக அந்த அறிக்கை கூறியது. தீபாவளி நெருங்கும்போது விற்பனை கூடுகிறது. அதில் இன்னொரு செய்தியும் இருந்தது. பெரிய ஆந்தைக்கு விலை அதிகம். தலையில் கொம்பு இருந்தால் இன்னும் அதிகம். கொம்பு இருந்தால் மந்திர சக்தி கூடுதலாம்.

கொம்பு என்று அவர்கள் நினைப்பது வெறும் இறகுக் கொத்து என்பதை முன்னே பார்த்தோம். அந்த இறகுக் கொத்துக்காக, ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவைகளுக்கு உயிர் போகும் ஆபத்து. பிடித்துக் கொடுப்பவர் பெரும்பாலும் ஏழை. அவர் கைக்குக் கிடைப்பது கொஞ்சம். தரகர் கைக்குப் போவது அதிகம். பிடிபட்டால் சிறைக்குப் போவது யார் என்று சொல்ல வேண்டியது இல்லை.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பது குற்றம். வேட்டையாடுவது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். முட்டையை எடுப்பதும் குற்றம்தான். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பூசைக்கு என்று சொன்னால் விதிவிலக்கு எதுவும் கிடையாது.

ஆந்தையை யாராவது விற்பதைப் பார்த்தால் பக்கத்தில் உள்ள வனத்துறை அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ சொல்லலாம். பாவப்பட்டு விலை கொடுத்து வாங்கிப் பறக்கவிட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்கினால் விற்பவர் நாளைக்கு இன்னும் இரண்டைப் பிடித்துக்கொண்டு வருவார்.

காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு வேறொரு நிலைமை வரும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேன் எடுக்கவோ சுள்ளி பொறுக்கவோ போகும்போது, மரத்தடியில் வெள்ளையாக ஒரு குஞ்சு உட்கார்ந்திருக்கும். பறக்கப் பழகும்போது குஞ்சு தரையில் விழுவது உண்டு. பெரிய கண்ணை வைத்துக்கொண்டு முழிக்கும். அலகைத் தட்டிச் சத்தம் போடும். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று தோன்றும். வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சோறு ஊட்டலாம் என்று தோன்றும். சோறு அதற்கு உணவு அல்ல. அடி எதுவும் படாமல் இருந்தால் அதைத் தொட வேண்டாம். நாய் வரும் இடமாக இருந்தால் துணியால் மூடி எடுத்து, பக்கத்தில் தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு விலகிவிடலாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

தாய் பெரும்பாலும் அதே மரத்தில்தான் இருக்கும். இலைகளுக்குள் மறைந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். இருட்டியதும் இறங்கி வந்து இரை கொடுக்கும்.